பீமை 500 நீட்டினேன், ஸ்டிஃப்னர் எல்லாம் இடம் மாறிவிட்டது (ஈ3டி ஸ்டீல் பொசிஷன், எக்ஸ்டெண்ட்)

புதியவன்_ரேக்3

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருடம் பைப்பிங்கில் இருந்துவிட்டு நான்கு மாதமாகத்தான் ஸ்ட்ரக்சுரல் பக்கம் வந்திருக்கிறேன். சென்னையில் ஒரு டிசைன் ஆபீஸ், சாஃப்ட்வேர் அவேவா ஈ3டி (ஆலையை முப்பரிமாணத்தில் மாடல் செய்வது). கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருப்பது ஒரு சின்ன பைப் ரேக் (பைப்களைத் தாங்கும் இரும்புச் சட்டகம்). 9 ஃபிரேம், 3 டயர் (அடுக்கு), ஆக மொத்தம் 27 குறுக்கு பீம். காலம் (தூண்) ஹெச்இபி 300, சென்டருக்கு சென்டர் 6000 மிமீ (ஹெச்இபி, ஐபிஇ இரண்டும் ஐ வடிவ இரும்பு வகை, எண் அதன் உயரம்). டாப் ஆஃப் ஸ்டீல் (பீமின் மேல் முகம்) மட்டம் 106.000, 108.000, 110.000 மீட்டர். பீம் எல்லாம் ஐபிஇ 300 ஆக இருந்தது. போன வாரம் இன்ஜினியர் ரிவிஷன் போட்டு ஐபிஇ 360 ஆக்கச் சொன்னார். 27-ஐயும் ஒன்றாகப் பிடித்து ஸ்பெக்கை மாற்றினேன். மறுநாள் காலையில் பைப்பிங் லீட் வந்து நிற்கிறார், பைப் ஷூ (பைப்புக்கு அடியில் வரும் தாங்கி) எல்லாம் பீமுக்குள் 30 மிமீ புதைந்திருக்கிறது என்று. சரி என்று 27 பீமையும் 30 இறக்கினேன். கிளாஷ் ரிப்போர்ட் (ஒன்றோடொன்று மோதுபவற்றின் பட்டியல்) சுத்தமாக வந்தது. ஆனால் நேற்று மாடலைச் சுற்றிப் பார்க்கும்போது நடு டயரில் 5 பீமில் ஷூ அந்தரத்தில் நிற்கிறது, கீழே 30 மிமீ சந்து. ஒரே மாதிரி 27 பீம், ஒரே மாதிரி இறக்கினேன், 5 மட்டும் ஏன் இப்படி?

இரண்டாவது பிரச்சினை. கீழ் டயரில் மேற்குப் பக்கம் கேபிள் ட்ரேக்காக காலத்துக்கு வெளியே 500 வேண்டும் என்று எலக்ட்ரிகல் கேட்டார்கள். 9 பீமையும் ஸ்டார்ட் பக்கம் 500 எக்ஸ்டெண்ட் செய்தேன். நீண்டுவிட்டது. ஆனால் ஒவ்வொரு பீமிலும் 2000-த்திலும் 4000-த்திலும் இருந்த ஸ்டிஃப்னர்கள் (பீமை விறைப்பாக்கும் தட்டுகள்) மேற்கே 500 தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கின்றன. நான் அவற்றைத் தொடவே இல்லை.

யாராவது முறையாக எப்படிச் செய்வது என்று சொல்லுங்கள். வியாழக்கிழமை மாடல் ரிவ்யூ இருக்கிறது.

---

கிரிட்லைன்_ஏ1

தம்பி, இரண்டு பிரச்சினைக்கும் வேர் ஒன்றுதான், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கொத்தனார் சுவர் எழுப்பும் முன் நூல் கட்டுவார் இல்லையா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஈ3டியில் (இதற்கு முந்தைய சாஃப்ட்வேரான பிடிஎம்எஸ்ஸிலும் இதேதான்) ஒரு செக்‌ஷன் என்பது முதலில் ஒரு நூல்தான். ஆரம்ப முனை ஒன்று, கடைசி முனை ஒன்று, நடுவில் நேர்கோடு. சாஃப்ட்வேர் மனதில் வைத்திருப்பது அந்த இரண்டு முனைகளை மட்டுமே. கண்ணுக்குத் தெரிகிற இரும்பு அந்த நூலில் தொங்குகிறது. புரொஃபைலின் (குறுக்குவெட்டின்) எந்த இடத்தைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும் என்பதைச் சொல்வதுதான் ஜஸ்டிபிகேஷன் லைன். நடு அச்சைப் பிடித்தால் நியூட்ரல் ஆக்சிஸ், மேல் ஃபிளான்ஜின் (ஐ வடிவத்தின் மேல் தட்டின்) முகத்தைப் பிடித்தால் டாப் ஆஃப் ஸ்டீல், அடியைப் பிடித்தால் பாட்டம் ஆஃப் ஸ்டீல். மேல் ஃபிளான்ஜின் இடது ஓரம், வலது ஓரம் என்றுகூடப் பிடிக்கலாம்.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். உங்கள் பீம்களில் 22 நியூட்ரல் ஆக்சிஸில் இருந்திருக்கும். 106.000 டயரில் நூல் 105.850-ல் இருக்கும், ஐபிஇ 300-க்குப் பாதி உயரம் 150, மேல் முகம் சரியாக 106.000. ஐபிஇ 360 ஆக்கியதும் பாதி உயரம் 180 ஆகிவிட்டது, நூல் அசையவில்லை, மேல் முகம் 106.030-க்கு ஏறியது. பைப்பிங் லீட் பார்த்த 30 இதுதான். மிச்சம் 5 பீம் டாப் ஆஃப் ஸ்டீலில் இருந்திருக்கும், அவை பெரிதானபோது கீழ்நோக்கி வளர்ந்திருக்கும், மேல் முகம் 108.000-லேயே நின்றிருக்கும். நீங்கள் எல்லாவற்றையும் சேர்த்து 30 இறக்கியதில் 22 சரியானது, சரியாக இருந்த 5 கெட்டுப்போனது.

இதில் எனக்குக் கவலை தருவது வேறு. கிளாஷ் செக் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தால்தான் சத்தம் போடும். 30 மிமீ சந்தை அது பிழையாகவே எடுத்துக்கொள்ளாது. நீங்கள் கண்ணால் பார்த்ததால் பிடித்தீர்கள். ரிப்போர்ட்டை மட்டும் நம்பியிருந்தால் அந்த 5 பீமும் அப்படியே டிராயிங்குக்குப் போயிருக்கும்.

அந்த 5 பீமையும் தனித்தனியாக எடுத்து க்யூ ஏடிடி (அட்ரிபியூட்டுகளைக் காட்டும் கமாண்ட்) அடித்துப் பாருங்கள், நான் சொன்னது சரியா என்று தெரிந்துவிடும்.

---

புதியவன்_ரேக்3

அண்ணா, அப்படியே இருக்கிறது! 22-ல் ஜஸ்டிபிகேஷன் நியூட்ரல் ஆக்சிஸ், 5-ல் டாப் ஆஃப் ஸ்டீல். விசாரித்தேன், நடு டயரின் அந்த ஐந்தும் வேறு ஏரியாவிலிருந்து காப்பி செய்யப்பட்டவையாம்.

அப்படியானால் 22 பீமையும் டாப் ஆஃப் ஸ்டீலுக்கு மாற்றிவிடவா? ஒன்றில் சும்மா மாற்றிப் பார்த்தேன், பீம் தடாலென்று கீழே இறங்கிவிட்டது, பயந்துபோய் பழையபடி ஆக்கிவிட்டேன்.

---

கிரிட்லைன்_ஏ1

இறங்கத்தான் செய்யும், பயப்பட ஒன்றும் இல்லை. நூல் இப்போது 105.820-ல் இருக்கிறது (30 இறக்கிவிட்டீர்கள்). மேல் முகத்தை அந்த நூலில் மாட்டு என்று சொன்னால் மேல் முகம் 105.820-க்கு வரும், 180 இறங்கும். அதனால் ஜஸ்டிபிகேஷனை மாற்றிய கையோடு நூலை 180 தூக்குங்கள். இரண்டும் சேர்ந்து ஒரே வேலை, நடுவில் சேவ்வொர்க் (சேமிக்கும் கமாண்ட்) அடித்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், அதற்குள் யாராவது கெட்வொர்க் (மற்றவர் சேமித்ததை எடுக்கும் கமாண்ட்) அடித்து உங்கள் பாதி வேலையை எடுத்துவிடுவார்கள். முடித்த பிறகு சேவ்வொர்க்.

மாற்றிவிட்டால் நூலின் மட்டம் 106.000 என்று முழு எண்ணாக நிற்கும், டிராயிங்கில் எழுதியிருக்கும் அதே எண். நாளைக்கு ஐபிஇ 400 ஆக்கச் சொன்னாலும் ஷூ அசையாது. நான் பழகிய எல்லாப் புராஜெக்டிலும் பீமுக்கு டாப் ஆஃப் ஸ்டீல், காலத்துக்கு நியூட்ரல் ஆக்சிஸ், இதைத்தான் மாடலிங் விதியாக எழுதி வைப்போம். பிரேசிங்குக்கு (சாய்வாக வரும் மெம்பருக்கு) ஆளுக்கு ஆள் பேச்சு உண்டு, அது தனிக் கதை.

---

தாமரை_ஸ்ட்ரக்

ஸ்டிஃப்னர் விஷயத்தை நான் சொல்கிறேன், இதில் நானும் ஒரு முழு வாரம் இழந்திருக்கிறேன்.

பீமின் மேல் நீங்கள் வைக்கும் ஃபிட்டிங் (ஸ்டிஃப்னர் போன்றவை), செகண்டரி நோட் (வேறு மெம்பர் வந்து சேரும் புள்ளி) எல்லாமே தன் இடத்தை உலக ஆயத்தொலைவாக வைத்துக்கொள்வதில்லை. "ஆரம்ப முனையிலிருந்து இத்தனை மிமீ" என்றுதான் வைத்துக்கொள்ளும். அந்த அட்ரிபியூட்டின் பெயர் இசட் டிஸ். 2000 என்று இருந்தால் ஆரம்ப முனையிலிருந்து 2000, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நீங்கள் ஆரம்ப முனையையே 500 மேற்கே இழுத்துவிட்டீர்கள். அது இன்னமும் 2000-த்தில்தான் இருக்கிறது, ஆனால் புது முனையிலிருந்து. சரிசெய்ய வேண்டுமானால் 2000-த்தை 2500 ஆகவும் 4000-த்தை 4500 ஆகவும் மாற்ற வேண்டும், 9 பீம், 18 ஸ்டிஃப்னர். கடைசி முனையை நீட்டியிருந்தால் ஒன்றுமே நகர்ந்திருக்காது.

எனக்கு நடந்தது காலத்தில். பெடஸ்டலை (காலம் நிற்கும் கான்கிரீட் பீடத்தை) 150 தாழ்த்தினார்கள், பேஸ் பிளேட் மட்டம் 100.300-லிருந்து 100.150-க்கு இறங்கியது. காலத்துக்கு ஆரம்ப முனை கீழே. நான் சாதாரணமாக ஆரம்ப முனையை 150 கீழே நீட்டிவிட்டேன். 106.000-ல் பீம் வந்து சேர வேண்டிய நோடு 5700 என்று இருந்தது, அது 5700-லேயே இருந்து மட்டத்தில் 150 இறங்கிவிட்டது. 5850 ஆக்கியிருக்க வேண்டும். 40 காலம், ஒவ்வொன்றிலும் நான்கைந்து நோடு. அதற்குப் பிறகு ஆரம்ப முனையைத் தொடும் முன் அந்த மெம்பரின் கீழ் என்னென்ன இருக்கிறது என்று எக்ஸ்ப்ளோரரில் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுகிறேன்.

---

மணலி_டிராஃப்ட்

இதற்கு சுலப வழி இருக்கிறதே. ஆரம்ப முனையையும் கடைசி முனையையும் இடம் மாற்றிவிட்டு, கடைசி முனையை நீட்டினால் முடிந்தது. ஐ பீம்தானே, பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

---

தாமரை_ஸ்ட்ரக்

சார், தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம். முனைகளை மாற்றினால் இசட் டிஸ் எல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். 6000 பீமில் 2000-த்தில் இருந்தது 4000-க்குப் போகும், 4000-த்தில் இருந்தது 2000-க்கு வரும். புதியவன் கேஸில் 2000, 4000 என்று சமச்சீராக இருப்பதால் தப்பு தெரியாமல் போகும். அடுத்த பீமில் 1500-ல் ஒன்று மட்டும் இருந்தால் 4500-க்குப் போய்விடும்.

சேனல் (சி வடிவ இரும்பு) என்றால் இன்னும் மோசம். திசை திரும்பினால் சேனலின் வாய் எதிர்ப்பக்கம் பார்க்கும். உடனே பீட்டா ஆங்கிளை (நூலைச் சுற்றிய சுழற்சியை) 180 போட்டு வாயைத் திருப்பலாம் என்று தோன்றும். ஜஸ்டிபிகேஷன் டாப் ஆஃப் ஸ்டீலில் இருந்தால் 180 திரும்பும்போது சேனல் நூலுக்கு மேலே போய் நிற்கும், ஐஎஸ்எம்சி 200 (200 மிமீ உயர சேனல்) என்றால் முழுசாக 200 மிமீ உயர்ந்துவிடும். அதைக் கீழே கொண்டுவர பாட்டம் ஆஃப் ஸ்டீலுக்கு மாற்ற வேண்டும். அப்புறம் அந்த மெம்பரைப் பார்ப்பவர் யாருக்கும் எது மேல் எது கீழ் என்று புரியாது. ஒரு படிக்கட்டின் ஸ்ட்ரிங்கரை இப்படித் திருப்பித் திருப்பி வைத்திருந்ததைப் பார்த்து உண்மையிலேயே மனம் வருந்தியிருக்கிறேன், சரிசெய்வதைவிட அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதே வேகமாக முடிந்தது.

---

மணலி_டிராஃப்ட்

சரி மேடம், நான் ஐ செக்‌ஷனில் மட்டும் செய்து பழகியவன், சேனல் பக்கம் யோசிக்கவில்லை. இசட் டிஸ் புள்ளியும் நியாயமானதுதான். என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

---

துவாக்குடி_ஃபேப்

நான் ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் இருப்பவன். மாடலிங் எனக்குத் தெரியாது, ஆனால் மேலே இருப்பதை எல்லாம் படித்துவிட்டு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பீமை மேற்கே 500 நீட்டினேன் என்கிறார் தம்பி. அங்கே காலம் நிற்கிறதே? பீம் எப்படி அந்தப் பக்கம் போனது?

பைப் ரேக்கின் குறுக்கு பீம் இரண்டு காலத்துக்கும் நடுவில் ஃபிளான்ஜ் முகத்தில் முடிகிற துண்டு. காலத்துக்கு வெளியே நீட்டும் பிராக்கெட் தனித் துண்டு, அது காலத்தின் வெளி ஃபிளான்ஜில் வெல்ட் ஆகியோ போல்ட் ஆகியோ வரும். ஒரே பீம் காலத்தைத் துளைத்துக்கொண்டு போகாது. காலம் பீமுக்கு அடியில் முடிந்து, பீம் அதன் தலைமேல் உட்கார்ந்து ஓடினால்தான் ஒரே துண்டாக வெளியே நீட்ட முடியும், மூன்று டயர் இருக்கிற ரேக்கின் கீழ் டயரில் அதற்கு வாய்ப்பே இல்லை.

ஷாப்புக்கு இப்படி ஒரு டிராயிங் வந்தது, பல வருடம் முன்னால், எங்கிருந்து என்று சொல்ல வேண்டாம். ஒரே மார்க் நம்பர், 6.7 மீட்டர் பீம், நடுவில் காலம். கேட்டதற்கு மாடலில் சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது. நாங்கள் அதற்குள் வெட்டியிருந்தோம். அப்புறம் இரண்டாக அறுத்து, முனையில் பிளேட் வைத்து, மறுபடி பெயின்ட் அடித்து. வெட்டிய பீமைத் திரும்ப நீட்ட முடியாது தம்பி, அதனால்தான் இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறேன்.

---

புதியவன்_ரேக்3

அண்ணா, நீங்கள் சொன்ன பிறகுதான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பீம் காலத்தைத் துளைத்துக்கொண்டுதான் போகிறது. கிளாஷ் ரிப்போர்ட்டில் வரவில்லை, ஏனென்றால் ஒரே ஸ்ட்ரக்சருக்குள் இருக்கும் ஸ்டீலுக்கும் ஸ்டீலுக்கும் உள்ள கிளாஷை எங்கள் செட்டிங்கில் விட்டுவிடுகிறார்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஜாயின்ட்டும் கிளாஷாக வந்து நிற்கும்.

---

கிரிட்லைன்_ஏ1

துவாக்குடி அண்ணாவுக்கு நன்றி, நான் முதல் பதிவிலேயே பார்த்திருக்க வேண்டிய விஷயம், ஸ்டிஃப்னரிலேயே என் கவனம் போய்விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. எலக்ட்ரிகல் கேட்டது காலத்துக்கு வெளியே 500. உங்கள் பீமின் நூல் காலம் சென்டரிலிருந்து ஆரம்பிக்கிறது. சென்டரிலிருந்து 500 நீட்டினால், ஹெச்இபி 300-ன் ஃபிளான்ஜ் முகம் 150-ல் இருக்கிறது, வெளியே கிடைப்பது 350 மட்டுமே. 450 ட்ரே அதில் உட்காராது. நீட்டு என்று ஒரு எண் கொடுத்தால் எங்கிருந்து நீட்டுகிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது: 9 பீமின் ஆரம்ப முனையையும் பழையபடி காலம் சென்டருக்கே கொண்டுவாருங்கள். ஸ்டிஃப்னர் தானாகவே தன் இடத்துக்கு வந்துவிடும், இசட் டிஸ்ஸைத் தொட வேண்டியதே இல்லை. பிறகு 9 புது செக்‌ஷன். ஆரம்ப முனை காலம் சென்டரில், கடைசி முனை மேற்கே 650-ல். பொதுவாக பீமை மேற்கிலிருந்து கிழக்கு, தெற்கிலிருந்து வடக்கு என்றுதான் போடுவோம், ஆனால் பிராக்கெட்டுக்கு மட்டும் காலத்திலிருந்து வெளியே போடுவது நல்லது, ஏனென்றால் நாளைக்கு ட்ரே அகலமானால் நீளப்போவது நுனிதான், அது கடைசி முனையாக இருக்கட்டும். ஜஸ்டிபிகேஷன் டாப் ஆஃப் ஸ்டீல், நூல் 106.000. சைஸையும் ஜாயின்ட்டையும் இன்ஜினியரிடம் கேளுங்கள். பிராக்கெட்டின் அடி ஃபிளான்ஜ் வருகிற மட்டத்தில் காலத்துக்குள் ஸ்டிஃப்னர் தேவையா என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

---

பாலு_பைப்ரேக்

ஒரு மாற்றுக் கருத்து. காலம் சென்டரிலிருந்து போட்டு, அப்புறம் கட்பேக் (நூலை விட்டுவிட்டு இரும்பின் முனையை மட்டும் குறைப்பது) கொடுத்து, ஜாயின்ட் வைத்து என்று எதற்கு இவ்வளவு சுற்று? நான் 12 வருடமாக பீமின் முனையை நேராக ஃபிளான்ஜ் முகத்துக்கே இழுத்து வைக்கிறேன். பார்க்கிற மாதிரியே இருக்கிறது, எம்டிஓ (பொருள் பட்டியல்) எடையும் சரியாக வருகிறது. ஐபிஇ 360 மீட்டருக்கு 57.1 கிலோ. சென்டருக்கு சென்டர் போட்டு கட்பேக் கொடுக்காமல் விட்டால் பீமுக்கு 300 மிமீ, அதாவது 17 கிலோ கூடுதல், 27 பீமுக்கு 460 கிலோவுக்கு மேல். இல்லாத இரும்பை எம்டிஓவில் காட்டுவது சரியா?

---

கிரிட்லைன்_ஏ1

பாலு சார், எடைக் கணக்கில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். கட்பேக் கொடுக்காத சென்டர்-டு-சென்டர் மாடல் பாதி வேலை.

ஆனால் முகத்துக்கு இழுத்து வைத்த மாடலில் காலம் ஹெச்இபி 300-லிருந்து 400 ஆனால் என்ன ஆகும்? ஹெச்இபி 400-க்கு உயரம் 400, அகலம் அதே 300. ஃபிளான்ஜ் முகம் 150-லிருந்து 200-க்கு நகரும். உங்கள் பீம் 150-லேயே நிற்கும், ஒவ்வொரு முனையும் காலத்துக்குள் 50 புதையும். 27 பீம், 54 முனை, ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். காலம் சின்னதானால் இன்னும் ஆபத்து, சந்து விழும், சந்தை எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது. நூல் சென்டரில் இருந்து, முனை காலத்தின் நோடோடு ஜாயின்ட் மூலம் இணைந்திருந்தால் சரிசெய்ய வேண்டியது கட்பேக் என்கிற ஒரே எண், பீமின் இடத்தை யாரும் தொட வேண்டியதில்லை.

இன்னொரு காரணம், இன்ஜினியரின் ஸ்டாட் (பலக் கணக்குப் போடும் சாஃப்ட்வேர்) மாடலில் பீமும் காலமும் சென்டர் லைனில் ஒரே நோடில் சந்திக்கும். நம் மாடலின் நூலும் அங்கேயே சந்தித்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். முகத்தில் நிறுத்தினால் ஒவ்வொரு முனையும் 150 தள்ளித் தள்ளி நிற்கும், எது வேண்டுமென்று விட்டது, எது கை தவறி விட்டது என்று பிரிக்க முடியாது.

---

பாலு_பைப்ரேக்

காலம் சைஸ் மாறும் கேஸ் எனக்கு அடிக்கடி வருவதில்லை, நான் செய்வது பெரும்பாலும் பழைய பிளான்ட்டில் சின்னச் சின்ன பிளாட்ஃபார்ம் சேர்ப்பது. இருக்கிற காலம் மாறாது, லேசர் ஸ்கேனில் கிடைத்த முகத்துக்கே போட்டுவிடுவேன். அந்த வேலைக்கு என் முறை இன்னும் சரி என்றே நினைக்கிறேன். புது ரேக்குக்கு நீங்கள் சொல்வது பொருந்தும்.

---

கிரிட்லைன்_ஏ1

பழைய பிளான்ட் என்றால் நானும் ஸ்கேன் முகத்தைத்தான் பிடிப்பேன். ஒப்புக்கொள்கிறேன்.

---

ருவைஸ்_சைட்

அபுதாபி பக்கம் சைட்டில் இருக்கிறேன். நீட்டுவதும் முனையை நகர்த்துவதும் ஒன்றல்ல என்பதையும் யாராவது தம்பிக்குச் சொல்லுங்கள், பீமில் இது தெரியாது, பிரேசிங்கில்தான் கழுத்தைப் பிடிக்கும்.

கிடைமட்டமாக 6000, உயரம் 4500 என்று ஒரு பிரேசிங் எடுத்துக்கொள்ளுங்கள், நூலின் நீளம் 7500, சாய்வு 36.87 டிகிரி. எக்ஸ்டெண்ட் கொடுத்து 500 நீட்டினால் அது தன் சாய்விலேயே ஓடும், பக்கவாட்டில் 400, மேலே 300, மொத்தம் 6400-க்கு 4800. சாய்வு அதே 36.87. ஆனால் கடைசி முனையைப் பிடித்து கிழக்கே 400 நகர்த்து என்று கொடுத்தால் 6400-க்கு 4500 ஆகும், சாய்வு 35.11 டிகிரி. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தெரியும்.

நான் பார்த்த கேஸில் 40 மிமீதான். ஒரு பைப்பிலிருந்து தப்பிக்க மேல் முனையை 40 தள்ளியிருக்கிறார்கள், எதிர்ப்பக்க பிரேசிங்கை விட்டுவிட்டார்கள். டீட்டெய்லிங்கில் ஒரு கஸெட் (பிரேசிங்கை இணைக்கும் தட்டு) புது மாடலிலிருந்தும் பிரேசிங் பழைய ரிவிஷனிலிருந்தும் வந்திருக்கிறது. எம்20 போல்ட், 22 மிமீ துளை, உள்ளே விட்டால் பாதி நிலவு மாதிரி வெளிச்சம் தெரிகிறது, போல்ட் போகவில்லை. மேலே நின்ற பையன் அரை மணி நேரம் ட்ரிஃப்ட் பின் வைத்து இழுத்துப் பார்த்தான். கடைசியில் கஸெட்டைக் கழற்றி இறக்கினோம், இரண்டு நாள் கிரேன் நின்றது. பைப்பிலிருந்து தப்பிக்க வேண்டுமானால் பிரேசிங்கின் ஒர்க்கிங் பாயின்ட்டையே (நூல்கள் சந்திக்கும் புள்ளியையே) இன்ஜினியரோடு பேசி மாற்ற வேண்டும், ஒரு முனையை மட்டும் ரகசியமாக நகர்த்தக் கூடாது.

---

தாமரை_ஸ்ட்ரக்

ருவைஸ் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிரேசிங்கை நீட்டும்போது நான் எண்ணே கொடுப்பதில்லை. காலத்தின் நூலையும் பீமின் நூலையும் பிடித்து, அவை சந்திக்கும் இடம் வரை என்று கொடுத்துவிடுவேன். கர்சரை வைத்துக் குத்துமதிப்பாகப் பிடித்தால் 0.3, 0.7 என்று மிச்சம் தங்கும், க்யூ ஏடிடியில் 6000.37 என்று பார்த்தால் அது யாரோ கையால் இழுத்தது என்று அர்த்தம்.

---

எஸ்3டி_கோவை

நான் ஸ்மார்ட் 3டி, இங்கே ஜஸ்டிபிகேஷனுக்குப் பதில் கார்டினல் பாயின்ட் என்று எண்ணாக வரும். 8 என்றால் மேல் நடு, 5 என்றால் நட்டநடு, 2 என்றால் அடி நடு. பெயர்தான் வேறு, 30 மிமீ ஏறுகிற கதை அச்சு அசலாக எங்களிடமும் உண்டு. டெக்லாவில் வேலை செய்பவர்களுக்கு: மஞ்சள் கைப்பிடி ஆரம்பம், மெஜந்தா கைப்பிடி கடைசி, கைப்பிடியை சென்டரிலேயே விட்டுவிட்டு எண்ட் ஆஃப்செட்டில் நீளத்தைக் குறைத்தால் மேலே கிரிட்லைன் சொன்ன அதே விளைவு.

---

புதியவன்_ரேக்3

ஒரு சின்ன தடங்கல். பிராக்கெட்டுக்கு ஆரம்ப முனை, கடைசி முனை இரண்டையும் கமாண்ட் லைனில் தட்டினேன், கிழக்கு, வடக்கு, மட்டம் எல்லாம் பிளாட் பிளானில் (ஆலையின் மொத்த இட வரைபடத்தில்) இருக்கிற எண்தான். பிராக்கெட் ரேக்கை விட்டு எங்கோ 40 மீட்டர் தள்ளிப் போய் அந்தரத்தில் நிற்கிறது.

---

கிரிட்லைன்_ஏ1

உங்கள் ஸ்ட்ரக்சருக்கோ ஃபிரேம்வொர்க்குக்கோ பூஜ்ஜியம் அல்லாத பொசிஷன் இருக்கிறது. சும்மா எண் தட்டினால் அது ஓனரின் (மாடல் மரத்தில் அதற்கு மேலே இருப்பதன்) மூலப்புள்ளியிலிருந்துதான் எண்ணும். பிளாட் பிளான் எண் கொடுப்பதானால் வேர்ல்டைப் பொறுத்து என்று சேர்த்துக் கொடுக்க வேண்டும். அல்லது பக்கத்துக் காலத்தின் நூலையே பிடித்து, அங்கிருந்து மேற்கே 650 என்று கொடுங்கள், இது இன்னும் பாதுகாப்பு.

---

புதியவன்_ரேக்3

முடித்துவிட்டேன். 22 பீமும் டாப் ஆஃப் ஸ்டீலுக்கு மாறி நூல் 180 ஏறியது, பழைய 5 பீமை 30 தூக்கி 108.000-க்குக் கொண்டுவந்தேன், இப்போது 27-லும் நூலின் மட்டம் 106.000, 108.000, 110.000 என்று முழு எண். கீழ் டயர் பீம்களின் ஆரம்ப முனை சென்டருக்குத் திரும்பியதும் 18 ஸ்டிஃப்னரும் தாமே இடத்துக்கு வந்தன, அதைப் பார்க்க எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. பிராக்கெட்டுக்கு இன்ஜினியர் ஐபிஇ 200 கொடுத்தார், காலத்துக்குள் ஸ்டிஃப்னரும் வேண்டும் என்றார். சென்டரிலிருந்து 650, ஃபிளான்ஜ் முகத்தில் கட்பேக். ஷூ ஒவ்வொன்றையும் கிளாஷை மட்டும் நம்பாமல் மட்டத்தை அளந்து பார்த்தேன், சந்து இல்லை.

துவாக்குடி அண்ணா, ஒரே ஒரு கேள்வி. குறுக்கு பீமின் நீளம் மாடலில் இப்போது 5700 காட்டுகிறது, முகத்திலிருந்து முகம். எண்ட் பிளேட்டுக்காக (பீமின் முனையில் வரும் தட்டுக்காக) இதையும் நான் குறைக்க வேண்டுமா?

---

துவாக்குடி_ஃபேப்

வேண்டாம் தம்பி, அதை டீட்டெய்லர் (ஷாப் டிராயிங் போடுபவர்) பார்த்துக்கொள்வார். எண்ட் பிளேட் 16 என்றால் பீம் 5668-க்கு வெட்டுவோம், 20 என்றால் 5660. பிளேட் தடிமன் இன்ஜினியர் முடிவு செய்யும் முன் நீங்கள் அந்த 32-ஐக் கழித்துவிட்டால் டீட்டெய்லர் இன்னொரு முறை கழிப்பார். 5700-லேயே விடுங்கள்.